கன்னி மூலை வாசல்

எங்கள் கல்லூரியின் கேட்டைக் காலை ஒன்பது மணிக்குச் சாத்துவார்கள். சாத்தினால் சாத்தினதுதான். முதல் பீரியட் முடிந்து மணி அடித்த பிறகுதான் மறுபடி திறப்பார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கேட்டை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சட்டம் போட வேண்டுமென்றால் ஒன்று கல்நெஞ்சு வேண்டும், இல்லை வீடு பின்தெருவில் இருக்க வேண்டும். செயலாளர் செங்குட்டுவன் வீடு பின்தெருவில்தான்.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் விடியற்காலையிலேயே வரிசை கட்டிவிடும். மாதவரத்திலிருந்து மணலி வழியாக வருகிற பஸ் அதற்குள் மாட்டினால் எப்போது வெளியே வரும் என்று டிரைவருக்கே தெரியாது. நான் வியாசர்பாடி. கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறிவிடுவேன். தண்டவாளத்தில் டிரெய்லர் வராது, அதனால் நான் ஒழுக்கமான ஆசிரியை. மணலி வழியில் வருகிற பிள்ளைகள் ஒழுக்கம் கெட்டவர்கள். நிர்வாகத்தின் கணக்கு இப்படித்தான் ஓடியது.

லேட்டாக வருகிற பையன்கள் கேட்டைப் பார்த்ததும் நடையைக் கட்டிவிடுவார்கள். அவர்களுக்குக் கடற்கரை இருக்கிறது, சினிமா இருக்கிறது. பெண்கள் எங்கே போவார்கள்? எதிரே இருக்கும் டீக்கடை ஓரத்தில், லாரி டிரைவர்களுக்கும் கிளீனர்களுக்கும் நடுவில், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். உட்கார இடம் கிடையாது. அவசரத்துக்கு ஒதுங்கவும் இடம் கிடையாது. நான் ஸ்டாஃப் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி நவ்ரீன். என் வகுப்பு, பி.காம். இரண்டாம் வருடம். அது சென்னை தண்ணீருக்குச் செத்துக்கொண்டிருந்த 2003. காலையில் மெட்ரோ வாட்டர் லாரி வந்து குடங்களை நிரப்பினால்தான் அவள் வீட்டை விட்டுக் கிளம்ப முடியும். அம்மா மலிகாவுக்கு வீசிங், குடம் தூக்க ஆகாது. அந்தப் பெண்ணைப் போலக் கணக்குப் போடுகிறவளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஐந்தொகை சரிவரவில்லை என்றால் முகம் வாடிப்போகும், எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிறவரை சாப்பிடப் போக மாட்டாள்.

ஒருநாள் அவளுடைய அத்தா பக்ருதீன் பாய் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மாதவரத்தில் லாரிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் தைக்கிற கடை வைத்திருப்பவர். ஊசி குத்திக் குத்தி விரலெல்லாம் காய்த்துப்போயிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சரம்மா, நான் படிக்கல. இவ படிக்கணும்னு எனக்கு ஆச. ஆனா வூட்டாண்ட வந்து சொல்றாங்கோ, உம் பொண்ணு டீக்கடையாண்ட நின்னுகினு கீதுன்னு. அங்க டீ குடிக்கிற டிரைவருங்கோ எல்லாம் எங்கிட்ட தார்ப்பா தெக்கக் குடுக்கறவனுங்கோதான். அவனுங்கோ இன்னா பேசுவானுங்கோன்னு எனக்குத் தெரியும்."

"அவ மேல ஒரு தப்பும் இல்ல பாய். கேட்டச் சாத்திடறாங்க."

"தெரியும். நானே ஒருநாள் வந்து லாரி மறைவுல நின்னு பாத்தேன். குந்த எடம் இல்ல. ஒண்ணுக்குப் போவ வழியில்ல. பெத்தவன் எவ்ளோ நாளு பாத்துகினு இருப்பான்? குந்த ஒரு எடம் இருந்தா படிக்கட்டும். இல்லன்னா நிறுத்திடறேன். என்னிய தப்பா நெனக்காதீங்கோ."

தப்பாக நினைக்க முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்று பயமாக இருந்தது.

"ஒரு இடம் வரப்போவுது பாய். ரோட்ட பாத்து வாசல் வெச்சி. லேட்டா வர்ற பொண்ணுங்க அதுல வந்து உக்காரலாம். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அந்த மாதம்தான் பழைய விலங்கியல் கட்டடத்தை மாணவர் மையமாக மாற்றுவது என்று நிர்வாகம் தீர்மானித்திருந்தது. வேறு யாரும் தலையிட விரும்பாததால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெள்ளைக்காரன் காலத்து உப்புக் கிடங்கு அது. ஆள் உயரத்துக்கு மேலே பொந்து மாதிரி ஜன்னல்கள், கால் வைத்தால் ஃபார்மலின் நாற்றம், பாட்டிலுக்குள் வெளுத்துப்போன பாம்புகள். பகலிலேயே லைட் போட வேண்டும். பிள்ளைகள் அதைச் சவக்கிடங்கு என்பார்கள். ஆனால் அதன் பின்சுவர் ரோட்டை ஒட்டியிருந்தது. அந்தச் சுவரில் ஒரு வாசல் வைத்து, உள்ளே நாலு பெஞ்சு, ஃபேன், குடிக்கத் தண்ணீர், பெண்களுக்கு ஒரு கக்கூஸ். இவ்வளவுதான் நான் கேட்டது. மற்ற அலங்காரமெல்லாம் அவர்கள் இஷ்டம்.

வேலை ஆரம்பித்தது. கான்டிராக்டர் தவசிமுத்து தூத்துக்குடியிலிருந்து வந்து ராயபுரத்தில் ஊறிப்போனவர். கல்லூரிக்குள் மணல் லாரி திரும்ப இடமில்லை. அதனால் அவர் முதல் வேலையாக ரோட்டுப் பக்கத்துச் சுவரை ஒரு ஆள் தாராளமாகப் போய் வருகிற அளவுக்கு உடைத்தார். மணல், செங்கல், சிமெண்ட் எல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தது.

மறுநாள் காலை நான் டீக்கடைக்கே போய்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த உடைப்பு வழியாக உள்ளே விட்டேன். வாட்ச்மேன் மண்ணாங்கட்டி கேட்டருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பீடி பற்றவைத்தார். அந்த ஆளுக்கு நல்ல மனசு, ஆனால் பயம் அதைவிடப் பெரிசு.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவு நன்றாக இருந்தது. பெண்கள் சிமெண்ட் மூட்டைகள் மேல் பேப்பர் விரித்து உட்கார்ந்தார்கள். தவசிமுத்து தண்ணீர் டிரம்மும் பிளாஸ்டிக் ஜக்கும் வைத்தார். கதவுகூடப் போடாத கக்கூஸுக்குச் சாக்குப் படுதா கட்டிக் கொடுத்தார். உடைத்த ஜன்னல்கள் வழியாகக் கடல் காற்று வந்தது. நவ்ரீன் செங்கல் அடுக்கின் மேல் நோட்டை வைத்துக்கொண்டு, முதல் வருடத்துப் பெண்களுக்கு இருப்பாய்வு சொல்லிக் கொடுத்தாள். சித்தாள் பெண்கள் சாந்துச் சட்டியோடு போகும்போது மாணவிகள் எழுந்து வழி விடுவார்கள், மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள். மணி அடித்ததும் இரண்டாவது பீரியடுக்கு ஓடுவார்கள். இதைவிட நல்ல மாணவர் மையத்தை எந்தக் கொம்பனும் கட்டிவிட முடியாது. அது கட்டி முடிக்காத கட்டடமாக இருந்ததுதான் சங்கதி.

பக்ருதீன் பாயை ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். உடைப்பின் இரண்டு பக்கமும் கையை வைத்துப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மகள் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"இதானா வாசல்?"

"இதான் பாய். நிலையும் கதவும் வெச்சிடுவாங்க."

"வெயில் நேரா உள்ள வருதே."

"வரட்டும் பாய். மொதல்ல புள்ளைங்க உள்ள வரட்டும்."

அவர் சிரித்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபோது என் வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஜனவரியில் வாஸ்துக்காரர் வந்தார். அரசியல்வாதி மாதிரி வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் திசைகாட்டி. கல்லூரி வளாகத்தைச் சுற்றி வந்து கடைசியில் என் உடைப்பின் முன்னால் நின்று தலையில் கை வைத்தார். வளாகத்தின் தென்மேற்கு அது. அவர் பாஷையில் கன்னி மூலை. அந்த மூலை அடைத்துக் கனமாக இருக்க வேண்டுமாம். அங்கே வாசல் வைத்தால் நிர்வாகத்தை நடத்துகிற செயலாளரின் ஆயுசுக்கு ஆகாதாம்.

எனக்கு ராகுகாலமும் தெரியாது, கன்னி மூலையும் தெரியாது. அப்பா புத்தர் படத்துக்கு முன்னால் வைத்து எனக்கு ரமாபாய் என்று பேர் வைத்தவர். நேராகச் செயலாளர் அறைக்குப் போனேன்.

"சார், உங்க பேரு செங்குட்டுவன். உங்க அப்பா சாவற வரைக்கும் கறுப்புச் சட்ட போட்டவர்னு நீங்கதான் மேடைக்கு மேடை சொல்றீங்க. நீங்க போயி வாஸ்து பாக்கறீங்களா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். போன வருடம் மாரடைப்பு வந்து பிழைத்தவர்.

"அதெல்லாம் நெஞ்சுல வலி வர்ற வரைக்கும்தாம்மா. நான் பயந்தவன், ஒத்துக்கறேன். ஒரு வாசலுக்காக நான் சாவணுமா?"

"ஒரு வாசல் இல்லாம ஒரு பொண்ணு படிப்ப விடணுமா சார்? அப்ப கேட்டயாவது கொஞ்சம் லேட்டா சாத்துங்க. மணலி பஸ்ஸுல வர்ற பிள்ளைங்கள மட்டுமாவது விடுங்க."

"ஒருத்திக்காகச் சட்டத்த மாத்துனா நாளைக்கு அத்தன பேரும் லேட்டா வருவாங்க."

அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஆள் முன்னால் நின்று அழுதேன். அவர் சங்கடப்பட்டு, திறப்பு விழா முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

அந்தப் 'பார்க்கலாம்' ஒன்றுதான் கையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நான் செய்த கூத்துக்கு அளவில்லை. கட்டடம் முடிந்தால்தானே விழா, விழா வந்தால்தானே உடைப்பை அடைப்பார்கள். அதனால் கட்டடத்தை முடிக்க விடாமல் பார்த்துக்கொண்டேன். பெயிண்ட் கலர் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப மாற்றினேன். நல்ல டைல்ஸைக் கோணல் என்று திருப்பி அனுப்பினேன். ஸ்விட்சுப் பலகை உயரம் என்றேன், இறக்கியதும் தாழ்வு என்றேன். பிரின்ஸிபால் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். ஸ்டாஃப் ரூமில் என் காதுபடவே சிரித்தார்கள்.

தவசிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், சீக்கிரம் முடின்னு கெஞ்சறவங்கள நெறய பாத்துகீறேன். முடிக்காதன்னு கெஞ்சறவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்றார். அந்த மூலையைத் தொடாமல் மற்ற வேலைகளை இழுத்து இழுத்துச் செய்தார். அவரால் முடிந்த வரை செய்தார்.

பரீட்சை வரை இழுத்துவிட்டால் போதும், அவள் மூன்றாம் வருடத்துக்கு வந்துவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது மந்திரி தேதி கொடுத்துவிட்டார். வருகிற வியாழக்கிழமை. மந்திரி தேதி கிடைத்தால் நம் ஊரில் எதுவும் நிற்காது. தண்ணீரே இல்லாத ஊரில் கட்டடத்துக்கு முன்னால் நீரூற்று வந்தது. கண்ணாடிக் கதவு வந்தது, கிரானைட் வந்தது, சோபா வந்தது. உடைப்பை அடைக்க ஒரு பகல்கூட ஆகவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசி வரிசைச் செங்கலைத் தவசிமுத்துவே வைக்கும்போது, "ஒரு நாள் பொறுங்க" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"வுடுங்க மேடம்," என்றார் அவர். "நான் வெக்கலன்னா வேற ஒருத்தன் வெப்பான்."

அடுத்த நாளிலிருந்து பெண்கள் மறுபடி டீக்கடை ஓரத்தில் நின்றார்கள். நவ்ரீன் அவர்களில் இல்லை. வகுப்புக்கும் வரவில்லை. பயந்துபோய்க் கடைக்குப் போன் செய்தேன். பின்னால் லாரி ஹாரன் சத்தத்தோடு பக்ருதீன் பாய் பேசினார். "வேல நடக்குது, இப்ப அந்தாண்ட வழியில்லன்னு சொன்னா டீச்சரம்மா. அதான் நாலு நாளு வூட்டுல இருன்னுட்டேன். வியாழக்கெயமதான தொறக்கறாங்கோ? பெத்தவங்களும் வரலாமாம். நானே இட்டுகினு வர்றேன்."

வழியை ஒரேயடியாக அடைத்துவிட்டார்கள் என்று அந்தப் பெண்ணும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. விழா முடிந்ததும் செயலாளர் காலில் விழுந்தாவது கேட்டைத் திறக்க வைப்பது என்று முடிவு செய்துகொண்டு, "வாங்க பாய்" என்றேன்.

வியாழக்கிழமை கட்டடம் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. யாருக்கும் அதைச் சவக்கிடங்கு என்று சொல்ல வாய் வராது. மாணவிகளைப் பட்டுப்புடவையில் பன்னீர்ச்செம்போடு நிறுத்தி வைத்திருந்தார்கள். மைக்கில் தொகுப்புரை நான். கேட் வழக்கம்போல ஒன்பது மணிக்குச் சாத்தப்பட்டது, விழா நாள் என்பதால் மறுபடி திறக்கவில்லை. மந்திரி வரவில்லை. பத்து மணிக்கும் வரவில்லை. கார் மணலியில் டிரெய்லர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது என்று செய்தி வந்தது.

"பாவம், டிராஃபிக்," என்றார் செங்குட்டுவன் என் பக்கத்தில் நின்று. "மனுஷன் இன்னாதான் பண்ணுவாரு?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு கல்லூரியின் பெருமைகளைப் பேசினேன்.

கடைசியில் சைரன் கேட்டது. மண்ணாங்கட்டி இரண்டு கதவையும் அகலத் திறந்தார். கார்கள் நுழைந்தன, மேளம் அடித்தது, கதவுகளைச் சாத்தினார்கள். கேட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். மந்திரி ரிப்பனை வெட்டி எல்லோரும் கைதட்டும்போது நான் கண்ணாடிக் கதவு வழியாகக் கேட்டைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நவ்ரீனின் முகம் தெரிந்தது. பக்கத்தில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவள் அத்தா. மந்திரி மாட்டிய அதே நெரிசலில் மாட்டி, அவர் பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். கேட்டுக்கு வருவதற்குள் அவர்கள் அங்கே இல்லை.

"மண்ணாங்கட்டி, அவங்கள ஏன் விடல?"

"மேடம், போலீஸ் நிக்கிது. யாரையும் உள்ள வுடாதன்னு ஆர்டரு. என் வேல பூடும்."

"எங்க போனாங்க?"

"அந்தப் பக்கமா வாசல் கீதுன்னு சொல்லிட்டு சொவத்தோரமா போனாரு அந்த பாய்."

சின்னக் கதவைத் திறந்து என்னை வெளியே விட்டார். சுவரை ஒட்டி ஓடினேன். பக்ருதீன் பாய் அடைத்த இடத்துக்கு முன்னால் நின்றிருந்தார். புதுப் பெயிண்ட் அடித்து, அந்த இடத்தில் பெரிய நீல எழுத்தில் 'மாணவர் மையம் உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று எழுதியிருந்தார்கள். அவர் தோளில் சுருட்டிய தார்ப்பாய் ஒன்று இருந்தது. பச்சை நிறம், ஓரத்தில் வெள்ளை நூலால் அலை அலையாகத் தையல், மூலைகளில் பித்தளை வளையம்.

"வெயில் உள்ள வருதேன்னு அன்னிக்கு சாண் போட்டு அளந்துகினு போனேன் டீச்சரம்மா," என்றார். "வாசலுக்கு மேல கட்டலாம்னு. வாசல் எங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கன்னி மூலை, மாரடைப்பு, பார்க்கலாம். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. இன்றைக்கே பேசுகிறேன், என் வேலையை எழுதிக் கொடுத்தாவது கேட்டைத் திறக்க வைக்கிறேன், பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ரோட்டில் நிற்கிற லாரிக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அவர் என் கையைப் பார்த்துப் பதறிப்போனார். "கும்புடாதீங்கோ. உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. நீங்க சொன்னீங்கோ, நான் நம்புனேன். அந்தக் கட்டடத்துல இருக்கறவங்கோ உங்க பேச்சயே கேக்கல. எம் பொண்ண எப்டி உள்ள வுடுவாங்கோ?"

நவ்ரீனைப் பார்த்தேன். "நீ சொல்லும்மா. உங்க அத்தாகிட்ட சொல்லு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எத்தன வாட்டி சொல்றது மிஸ்," என்றாள். "எனக்கே நின்னு நின்னு அலுத்துப் போச்சு."

பக்ருதீன் பாய் தார்ப்பாயை இறக்கி அவளிடம் கொடுத்தார். "புடி. ஓரத்த வெட்டிட்டா சின்ன லாரிக்கு ஆவும்." அவள் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். ஒலிபெருக்கியில் யாரோ என் பேரைச் சொல்லி உடனே மேடைக்கு வரும்படி கூப்பிட்டார்கள். இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் இருந்த சந்தில் அத்தா முதலில் இறங்கினார். நவ்ரீன் திரும்பி நின்றாள்.

"உள்ள போங்க மிஸ். உங்களுக்கு லேட்டாவுது."

அவர்கள் எதிர்ப்பக்கம் போய் மாதவரம் பஸ் நிற்கிற இடத்தில் நிற்பது வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்து கேட்டைத் தட்டினேன். மந்திரி கிளம்புகிற வரை யாருக்கும் திறக்கக் கூடாதாம். மண்ணாங்கட்டி கம்பிக்கு உள்ளேயிருந்து அதைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.